ஆஸ்கார், டிஸ்கஸ் மீன் தொட்டியில் கணவாய், இறால், மட்டி: எந்தப் பகுதி, எவ்வளவு, எப்படி?

சயான்_ஆஸ்கார் கேட்டது:

மும்பை சயான்ல 4 x 1.5 x 1.5 அடி டேங்க். உள்ளே நிஜமா நிக்கிற தண்ணி 200 லிட்டர் சுமார். 9 இஞ்ச் ஆஸ்கார் ரெண்டு, 6 இஞ்ச் செவரம் ஒண்ணு, செனகல் பாலிப்டெரஸ்னு தரையோட கிடக்குற நீள மீன் ஒண்ணு. கேனிஸ்டர் ஃபில்டரோட ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஓடுது. வாரம் ஒரு தடவை 30 சதவீதம் தண்ணி மாத்துறேன். குழாய்த் தண்ணி பிஎச் 7.4, கேஎச் (பிஎச் சரியாம தாங்குற காரத்தன்மை) 3. டேங்க்ல பிஎச் 7.0, கேஎச் 2, நைட்ரேட் 20–30. இப்போதைக்கு முழுக்க பெல்லட் (கடையில விக்கிற உருண்டைத் தீனி).

பாவுச்சா தக்கா மீன் துறையில மாகுல், அதாவது கணவாய், நல்லா கிடைக்குது, வீட்டுக்கும் வாங்குறோம். அதுல கொஞ்சம் மீனுக்கும் எடுத்து வைக்கலாம்னு நினைக்கிறேன். கேக்க வேண்டியது இதுதான்: கணவாய்ல எந்தப் பகுதியைக் கொடுக்கணும், பச்சையாவா வேகவச்சா? கடல் பொருள் நன்னீர் மீனுக்கு ஒத்துக்குமா? இறால், மட்டி கொடுத்தா பி1 சத்து போயிடும்னு சொல்றாங்களே, கணவாய்க்கும் அது பொருந்துமா? வாரத்துக்கு எத்தனை நாள், எத்தனை கிராம்? பக்கத்துல சின்ன டேங்க்ல ஆறு டிஸ்கஸ் இருக்கு, அதுங்களுக்கும் இதையே கொடுக்கலாமா?

கொளச்சல்_செம்பூர் பதில்:

தம்பி, ஆஸ்காருக்குக் கணவாய் நல்ல தீனி. 100 கிராம் பச்சைக் கணவாயில் புரதம் 15, 16 கிராம் இருக்கும். கொழுப்பு ஒன்றரை கிராமைத் தாண்டாது. முள் இல்லை, தண்ணீர் மேல் எண்ணெய் படலமும் வராது. கடல் பொருள் என்பதால் டேங்க்கில் உப்பு ஏறிவிடும் என்று பயப்பட வேண்டாம். 100 கிராம் கணவாயில் சோடியமே 50 மில்லிகிராமுக்குக் கீழ்தான். 200 லிட்டரில் ஒரு 5 கிராம் துண்டு எதையும் அசைக்காது.

முழுக் கணவாயாகவே வாங்குங்கள். தோலில் பழுப்புப் புள்ளிகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும், கண் தெளிவாக இருக்க வேண்டும், சதை வெள்ளையாக லேசாக ஒளி ஊடுருவும்படி இருக்க வேண்டும். தோலின் நிறம் உள்ளே ஊறி சதையே ரோஸ் நிறமாகியிருந்தால் பழசு. மூக்கில் ஏறும் வாடை வந்தால் வீட்டுக்கும் வேண்டாம், மீனுக்கும் வேண்டாம். உடம்புக் குழல் ஒரு சாண் நீளத்துக்குள் இருப்பதாகப் பொறுக்குங்கள். பெரியதன் சதை தடிப்பாக, ரப்பர் மாதிரி இருக்கும். ஆஸ்கார் மென்று பார்த்துத் துப்பும்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. ஒரு கையில் குழலையும் மறு கையில் தலையையும் பிடித்து மெதுவாகத் திருகி இழுத்தால் குடல், ஈரல், மைப்பை எல்லாம் ஒரே கொத்தாக வெளியே வரும். மைப்பை வெள்ளி நிறத்தில் ஒல்லியாக இருக்கும். அது உடைந்தால் விஷம் ஒன்றும் இல்லை, ஆனால் சதை முழுக்கக் கறுப்பாகும். அப்படியே டேங்க்கில் போட்டால் ஸ்பாஞ்சும் கறுக்கும். குழலுக்குள் விரலை விட்டு, கண்ணாடிக் குச்சி போல இருக்கும் தண்டை உருவி எடுங்கள். அது கைட்டின், மீனுக்குச் சரியாகச் செரிக்காது, நுனி குத்தும். ஈரலை மட்டும் எந்தச் சாக்கிலும் மீனுக்குக் கொடுக்காதீர்கள். கணவாய் தன் உடம்பில் சேரும் காட்மியத்தைப் பெரும்பாலும் அங்கேதான் வைத்திருக்கும்.

கணவாயின் கைகளைக் கொடுக்கலாம், ஆனால் வேலை இருக்கிறது. கண்ணுக்குக் கீழே வெட்டி, நடுவில் பிதுக்கினால் கிளி மூக்கு மாதிரி அலகு வெளியே வரும். அதைத் தூக்கிப் போடுங்கள். உறிஞ்சிகளுக்குள் பல்லுப் பல்லாகக் கொம்பு வளையம் இருக்கும். கல்லுப்பு போட்டுக் கசக்கி, கத்தியின் முதுகால் நுனி நோக்கி வழித்தால் வளையங்கள் உதிர்ந்து கையில் மணல் மாதிரி தட்டுப்படும். அது நின்றதும் மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். இவ்வளவு பாடு வேண்டாம் என்றால் கைகளை வீட்டுக் குழம்புக்கு விட்டுவிட்டு, மீனுக்குக் குழலை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊதாத் தோலை உரித்தே ஆக வேண்டும். வால் பக்கத்து முக்கோணச் செட்டையைப் பிடித்து இழுத்தால் தோல் கூடவே உரிந்து வரும். குழலைப் பிளந்து விரித்தால் உள்பக்கம் ஒரு மெல்லிய ஜவ்வு இருக்கும், அதையும் கத்தியால் சுரண்டிவிடுங்கள். இந்த ரெண்டு தோலும்தான் துண்டை அறுபடாமல் வைத்திருப்பவை.

வெட்டும் திசையில் பலரும் கோட்டை விடுகிறார்கள். கணவாய்க் குழலில் தசை நார் வட்டமாகச் சுற்றிப் போகிறது. ஹோட்டலில் போடுவது போல வளையமாக வெட்டினால் நார் முழு நீளத்துக்குத் துண்டுக்குள் இருக்கும். மீன் பாதியை விழுங்கி, பாதி வாய்க்கு வெளியே தொங்கும். குழலைப் பிளந்து விரித்து, தலைப் பக்கத்திலிருந்து வால் பக்கமாக நீளவாக்கில் மெல்லிய பட்டைகளாக வெட்டுங்கள். நார் குறுக்கே அறுபட்டுவிடும். பிறகு பட்டையைத் துண்டாக்குங்கள். பச்சையாக வழுக்கும்; ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து, விறைத்தும் விறைக்காத பதத்தில் வெட்டினால் கத்தி நேராக இறங்கும்.

9 இஞ்ச் ஆஸ்காருக்கு 1 சென்டிமீட்டர் கட்டம் போதும். செவரத்துக்கு அதில் பாதி. பாலிப்டெரஸுக்கு 3 சென்டிமீட்டர் நீளம், அரை சென்டிமீட்டர் அகலத்தில் பட்டையாக விடுங்கள். அது கண்ணை நம்பாது, மோப்பம் பிடித்து வரும். விளக்கை அணைத்த பிறகு, நீளமான இடுக்கியால் அதன் மூக்கருகே தரையில் வையுங்கள். ஆஸ்கார் இருக்கும் டேங்க்கில் பகலில் போட்டால் அதற்கு ஒன்றும் மிஞ்சாது.

சுத்தம் செய்த கணவாயைப் பச்சையாகவே கொடுக்கலாம். வேகவைப்பதாக இருந்தால் கொதிக்கும் தண்ணீரில் 20, 30 விநாடி. அதற்கு மேல் போனால் ரப்பர்.

சேமிக்கும்போது ஒரு வேளைக்கு வேண்டியதை மட்டும் ஜிப் பையில் 3, 4 மில்லிமீட்டர் தடிப்பில் தட்டையாகப் பரப்பி, காற்றை வெளியேற்றி, ஃப்ரீசரில் வையுங்கள். தட்டையாக இருந்தால் சாக்லேட் மாதிரி உடைத்து எடுக்கலாம், சீக்கிரம் உறையவும் செய்யும். ரெண்டு மூன்று மாதத்தில் தீர்த்துவிடுங்கள். இளக்கும்போது வரும் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துண்டை ஒருமுறை அலசிவிட்டுப் போடுங்கள். அந்தத் தண்ணீரில் கரைந்த புரதம்தான் இருக்கிறது. மீன் அதைத் தின்னாது, டேங்க்தான் சுமக்கும். ஒருமுறை இளகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

கடையில் வெட்டி, பளீரென்று வெள்ளையாக விற்கும் உறைந்த வளையங்களை வாங்க வேண்டாம். எடை நிற்பதற்காகப் பாஸ்பேட்டில் ஊறவைப்பது வழக்கம். பாக்கெட்டின் பின்னால் ஐஎன்எஸ் 451 அல்லது 452 என்று இருந்தால் அதுதான். இளகும்போது நுரையும் வழவழப்புமாகத் தண்ணீர் விடும், வாணலியில் போட்டால் பாதியாகச் சுருங்கும். டேங்க்கில் அந்தப் பாஸ்பேட் பாசிக்குத்தான் போய்ச் சேரும். மாவு தோய்த்தது, டின்னில் வந்தது, உப்புக் கருவாடு மூன்றும் அறவே கூடாது.

வாட்டர்டெஸ்ட்_முலுண்ட் பதில்:

மேலே சொன்ன சுத்தம், வெட்டு எல்லாம் சரி. ஆனா உங்க டேங்க்ல கணவாய் கெடுதல் பண்ணுச்சுன்னா அது வயித்து வழியா வராது, கேஎச் வழியாத்தான் வரும். நம்பரைப் போட்டுப் பாத்துடலாம்.

புரதத்துல 16 சதவீதம் நைட்ரஜன். 10 கிராம் கணவாய்னா 1.6 கிராம் புரதம், அதாவது 256 மில்லிகிராம் நைட்ரஜன். யாரும் தின்னாம அந்த 10 கிராமும் கல்லுக்கு அடியில கிடந்து அழுகினா, 200 லிட்டர்ல லிட்டருக்கு சுமார் 1.3 மில்லிகிராம் அமோனியா நைட்ரஜன். 28, 29 டிகிரி தண்ணியில இது அழுக வாரக்கணக்கு ஆகாது, மறுநாளே தண்ணி மங்கலாகும். மீன் தின்னாலும் பெரும்பகுதி செவுள் வழியா அமோனியாவா வெளிய வரத்தான் செய்யும், மெதுவா வரும், அவ்வளவுதான்.

நல்லா ஓடுற ஃபில்டர் அதை நைட்ரேட்டா மாத்திடும். அந்த 1.3 மில்லிகிராம் நைட்ரேட்டா மாறினா லிட்டருக்கு கிட்டத்தட்ட 6 மில்லிகிராம் நைட்ரேட் கூடும். கூடவே ஒவ்வொரு மில்லிகிராம் நைட்ரஜனுக்கும் 7 மில்லிகிராமுக்குக் கொஞ்சம் மேல காரத்தன்மை செலவாகும். கணக்குப் போட்டா ஒரு 10 கிராம் வேளைக்கு கேஎச் அரை டிகிரி வரைக்கும் இறங்கலாம். உங்க டேங்க்ல இருக்குறது 2 டிகிரி. நாலஞ்சு வேளை தாராளமா போட்டா, தண்ணி மாத்துற நாள் வர்றதுக்குள்ள கேஎச் தீந்துடலாம்.

மும்பைக்கு வர்ற தண்ணி தான்சா, வைதர்ணா, பாட்சா ஏரிகள்ல சேந்த மழைத் தண்ணி. பெரும்பாலும் மென்மையான தண்ணி, தாங்கு சக்தி குறைவு. போர்வெல் தண்ணி ஓடுற ஊர்க்காரங்க தினமும் இறால் போட்டும் ஒண்ணும் ஆகலைன்னு எழுதுவாங்க. அவங்க தண்ணியில கேஎச் 10, 12 இருக்கும். அந்தப் பழக்கத்தை அப்படியே நாம எடுத்துக்க முடியாது.

கேஎச் தீந்தா பிஎச் சரியும். 6.5க்குக் கீழ ஃபில்டர் பாக்டீரியா சோம்பும், 6 கிட்ட போனா ஏறக்குறைய நின்னுடும். அப்ப அமோனியா சேர ஆரம்பிக்கும், ஆனா மீன் சும்மா நீந்திக்கிட்டிருக்கும், ஏன்னா அந்த பிஎச்ல அது ஏறக்குறைய முழுக்க நச்சு குறைஞ்ச அமோனியமா இருக்கு. 28 டிகிரியில பிஎச் 6ன்னா நச்சு வடிவம் 0.07 சதவீதம்தான். நீங்க பதறிப்போய் 7.5 பிஎச் கிட்ட இருக்கிற குழாய்த் தண்ணியை பாதி டேங்க் மாத்தி ஊத்துறீங்கன்னு வைங்க. 7.5ல நச்சு வடிவம் 2.2 சதவீதம், 30 மடங்கு. பிஎச் முழுசா அவ்வளவு ஏறாட்டியும் பல மடங்கு கூடும். தண்ணி மாத்தின ராத்திரியே மீன் செத்துச்சுன்னு வர்ற புகார்ல பல இதுதான். அந்த நிலைமையில முதல்ல அமோனியா டெஸ்ட் எடுக்கணும், தீனியை நிறுத்தணும், அமோனியாவைக் கட்டுற கண்டிஷனர் போட்டு, தினம் 10 சதவீதம்னு சின்னச் சின்னதா மாத்தணும்.

இப்ப அளவு. 9 இஞ்ச் ஆஸ்கார் தாராளமா 400 கிராம் எடைன்னு வச்சுக்குவோம். ஒரு வேளைக்கு எடையில 1 சதவீதம்னா 4 கிராம். ரெண்டு ஆஸ்காருக்கு 8, செவரத்துக்கு 1, பாலிப்டெரஸுக்கு 1, ஆக 10 கிராம். வாரத்துல ரெண்டு நாள், அன்னைக்கு பெல்லட் கிடையாது. கணவாய்ல கிட்டத்தட்ட 80 சதவீதம் தண்ணி. 4 கிராம் கணவாயும் 1 கிராம் பெல்லட்டும் ஏறக்குறைய ஒண்ணு. துண்டு பெருசா தெரியுறதால கம்மியா போட வேண்டியதில்லை, பசியா பாக்குதேன்னு ரெண்டாவது தடவை போடவும் வேண்டியதில்லை. ஒரு கிராம் வரைக்கும் காட்டுற சமையல் தராசு ஒண்ணு வாங்கிடுங்க.

அஞ்சு நிமிஷத்துல தின்னாதது வெளிய வரணும், கண்ணுல படாம ஃபில்டர் உறிஞ்சுற வாய்ல ஒட்டியிருக்கிற துண்டும் சேத்து. உறிஞ்சு குழாய் முனையில ஒரு முன்ஸ்பாஞ்ச் மாட்டி, கணவாய் போட்ட மறுநாள் அதைப் பிழிஞ்சுடுங்க. தண்ணி மாத்துறதை வாரம் ரெண்டு தடவை 25 சதவீதம்னு பிரிச்சுக்குங்க, கணவாய் நாளுக்கு மறுநாள்னு வச்சா சரியா இருக்கும். கேஎச்சை 3க்குக் குறையாம வைக்க, 200 லிட்டருக்கு 6 கிராம் சமையல் சோடா ஒரு டிகிரி ஏத்தும். ஒரே தடவையா கொட்டாம, கரைச்சு ரெண்டு நாள்ல ஊத்துங்க. ஃபில்டருக்குள்ள ஒரு வலைப்பையில பவளக்கல் போடுறது இன்னும் நிதானமான வழி.

தாராவி_அரோவானா பதில்:

அண்ணாச்சி, பி1 விஷயத்தை நான் சொல்லுதேன். தயமினேஸ்னு ஒரு என்சைம். தீனியில இருக்கிற பி1ஐ, அதாவது தயமினை, அது உடைச்சிடும். பச்சை இறால், மட்டி, கல்லுமக்காய், நெத்திலி வகையறா, கெண்டை, தங்கமீன் இதுகள்ல அது இருக்கு. ஒரு நாள் ரெண்டு நாள் தின்னா ஒண்ணும் ஆகாது. மாசக்கணக்கா அதுவே சாப்பாடா இருந்தாத்தான் வில்லங்கம்: மொதல்ல பசி குறையும், நிறம் மங்கும், அப்புறம் தலைகீழா சாயுறது, சட்டுனு டேங்க் முழுக்க வெட்டிக்கிட்டு ஓடி கண்ணாடியில மோதுறதுன்னு நரம்புக் கோளாறு வரும். அந்த நேரத்துல தண்ணியை டெஸ்ட் பண்ணினா எல்லாம் சரியாவே காட்டும், அதனாலயே காரணம் பிடிபடாது.

ஃப்ரீசர்ல வச்சா தயமினேஸ் செத்துடும்னு நினைக்காங்க. சாகாது. உறைஞ்ச நிலையிலயும் மெல்ல மெல்ல வேலை பாத்துக்கிட்டே இருக்கும். சூடுதான் அதைக் கெடுக்கும். இறாலையும் மட்டியையும் உள்ள வரைக்கும் வேக விட்டு, ஆற வச்சுக் கொடுங்க. இறால் முழுக்கச் சிவந்து, சதை உள்ளே வெள்ளையா ஆகணும். வேகும்போது பி1ல கொஞ்சம் போகும், அது பெல்லட்ல ஈடாயிடும்.

கணவாய்க்கும் அதே எச்சரிக்கையோட நடந்துக்குங்க: ஒரே பொருளை வாரா வாரம் ஓட்டாதீங்க. ஒரு வாரம் கணவாய், அடுத்த வாரம் வேகவச்ச இறால், அதுக்கடுத்து வெள்ளைச் சதை மீன்னு மாத்தி மாத்திப் போடுங்க. பெல்லட்டும் அஞ்சு நாள் உள்ள போகுதுன்னா பி1 பத்தித் தூக்கம் கெட வேண்டாம். மீன் துண்டுக்கு திலேப்பியா நல்லா இருக்கும், ஆனா பச்சையா கொடுக்காதீங்க. அதுவும் ஆஸ்காரும் ஒரே சிக்ளிட் குடும்பம், திலேப்பியாவுக்கு வர்ற வைரஸ் இந்தியாவுலயும் பதிவாகியிருக்கு. பச்சை நன்னீர் மீன்ல நம்ம மீனுக்கு ஒட்டுற ஒட்டுண்ணியும் வரலாம். கடல் ஒட்டுண்ணி பெரும்பாலும் நன்னீர்ல பொழைக்காது. கடல் பொருளோட பெரிய அனுகூலமே அதுதான்.

மத்தியும் அயிலையும் மலிவா கிடைக்கேன்னு போடாதீங்க. எண்ணெய் தண்ணி மேல படலமா நின்னு காத்து கரையுறதைத் தடுக்கும், அந்தக் கொழுப்பு ஃப்ரீசர்லயே காறிப்போகும். காறின கொழுப்பு ஈரலைப் பிடிக்கும். பொம்பில் மீன் (பாம்பே டக்) முழுக்கத் தண்ணி, டேங்க்ல விழுந்ததும் கரைஞ்சு போகும். காய்ஞ்ச ஜவ்ளாவுல (பொடி இறால் கருவாடு) மணல் நிறைய. அலசி ஊறவச்சு எப்பவாவது ஒரு சிட்டிகை போடலாம், அன்றாடத் தீனி ஆக்காதீங்க. மாட்டு இதயம், கோழி பத்தி நீங்க கேக்கலை, ஆனா யாராவது சொல்லுவாங்க: அந்தக் கொழுப்பு மீன் உடம்புச் சூட்டுல முழுசா இளகாது, கடல் பொருள் கிடைக்கிற ஊர்ல அது எதுக்கு?

நிறம் வேணும்னா கணவாயை நம்பாதீங்க, அதுல சிவப்புக்கு ஒண்ணும் இல்லை. இறால் ஓட்டுலதான் அஸ்டாசாந்தின் இருக்கு. சின்ன இறாலை ஓட்டோட வேகவச்சு, தலையில நீட்டிக்கிட்டிருக்கிற ஈட்டி முள்ளையும் வால் நடுவுல இருக்கிற கூர் முள்ளையும் கத்தரிச்சுட்டுக் கொடுங்க. ஓடு குடலுக்கும் நார் மாதிரி வேலை செய்யும்.

இன்னொரு காரியம். ஆஸ்கார், அரோவானா, ஃப்ளவர்ஹார்ன் மூணும் இறால் ருசி கண்டா பெல்லட்டைத் தொட மாட்டேன்னு அடம் பிடிக்கும். அதனால கடல் தீனி நாளை முன்னாடியே குறிச்சு வச்சு, பெல்லட்டைத் துப்பினதுக்குப் பதிலா அதைக் கொடுக்காதீங்க. ஏற்கெனவே பழகிட்டா, பெல்லட்டை இறால் வேகவச்ச தண்ணியில பத்து நிமிஷம் ஊறவச்சுப் போடுங்க. வளந்த, நல்ல சதைப்பிடிப்பான மீன் ஒரு வாரம் பட்டினி கிடந்தா ஒண்ணும் ஆகாது. குஞ்சுகளை அப்படிப் போடக் கூடாது.

டிஸ்கஸ்_மாட்டுங்கா பதில்:

ஆறு டிஸ்கஸுக்கும் கணவாய் கொடுக்கலாம், ஆனால் துண்டாக வேண்டாம். அதன் வாய் சின்னது, துண்டைக் கொத்திக் கொத்தி டேங்க் முழுக்கச் சிதறடிக்கும். சுலபமான வழி: உரித்த கணவாய்க் குழலை உருளையாகச் சுருட்டி உறைய வைத்து, கல் மாதிரி இருக்கும்போதே தேங்காய்ப்பூ மாதிரி பொடியாகத் துருவுங்கள். மெல்லிய வலைக்கரண்டியில் போட்டு அலசினால் பால் போன்ற நீர் ஓடிவிடும், துருவல் மட்டும் நிற்கும். டெட்ரா, பார்ப் மாதிரி சின்ன மீன்களுக்கும் வாரம் ஒரு தடவை இது ஒத்துப்போகும்.

தொடர்ந்து கொடுப்பதாக இருந்தால் கலவைதான் மேல், சத்து சமமாக இருக்கும். வேகவைத்து முள் எடுத்த திலேப்பியா 300 கிராம், உரித்த கணவாய் 250, வேகவைத்த இறால் 250, கொதிநீரில் முக்கிப் பிழிந்த பாலக் கீரை 100, தோல் நீக்கிய பச்சைப் பட்டாணி 50, ஸ்பைருலினா பாசிப் பொடி 10. கணவாயைத் தனியாக முதலில் அரைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் சேர்த்துப் போட்டால் மீன் கூழாகிவிடும், கணவாய் மட்டும் துண்டு துண்டாகக் கிடக்கும். மிக்ஸியில் விட்டு விட்டு அரையுங்கள். முழு மை ஆனால் டேங்க்கில் கரையும், அரிசி நொய் பருமன் சரி.

கட்டியாக்க ஜெலட்டின் வேண்டாம். டிஸ்கஸ் டேங்க் 29, 30 டிகிரி. அந்தச் சூட்டில் ஜெலட்டின் இளகி, ஐந்து நிமிடத்தில் கட்டி குலைந்துவிடும். அகர் அகர் பொடி 15 கிராமை 250 மில்லி தண்ணீரில் கரைத்து, பொங்கக் கொதித்த பிறகு ரெண்டு நிமிடம் கிளறிக்கொண்டே இருங்கள். அகர் 85 டிகிரிக்கு மேல்தான் முழுசாகக் கரையும், 35–40 டிகிரிக்கு வந்தால் இறுகும். இங்கேதான் கலவை கெடுகிறது: அரைத்த விழுது ஃப்ரிட்ஜ் குளிரோடு இருந்தால் அகர் விழுந்த இடத்திலேயே நூல் நூலாக உறைந்து, மிச்சம் ஒட்டாமல் நிற்கும். விழுதைப் பாத்திரத்தோடு வெந்நீரில் வைத்து, கை பொறுக்கும் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அகரை ஊற்றிக் கிளறுங்கள். வைட்டமின்களை அந்தக் கடைசி நிமிடத்தில் சேருங்கள். பி1 100 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்துப் போட்டால் இந்த ஒரு கிலோ சில்லறைக்குத் தாராளம். கொதிக்கும் அகரில் நேராகப் போட்டால் கொஞ்சம் வீணாகும்.

எண்ணெய் தடவாத தட்டில் அரை சென்டிமீட்டர் தடிப்பில் பரப்பி, இறுகியதும் கட்டம் போட்டு வெட்டி உறைய வையுங்கள். அகர் உறைந்து இளகும்போது கொஞ்சம் நீர் விடும், அது இயல்பு. வடித்துவிட்டுப் போடுங்கள்.

வளர்ந்த டிஸ்கஸுக்கு இது ஒரு நாளில் ஒரு வேளை போதும், மற்ற வேளை குருணைத் தீனி. மூன்று நிமிடத்தில் தின்னும் அளவு. கலவை கொடுக்கும் டேங்க்கில் அடியை தினமும் சைஃபன் செய்ய (குழாயால் அழுக்கை உறிஞ்சி எடுக்க) வேண்டும், அதனால் அந்த டேங்க்கை மணல் போடாமல் வைத்திருப்பது நல்லது.

சயான்_ஆஸ்கார் மறுபடி:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. தராசும் முன்ஸ்பாஞ்சும் இன்னைக்கே வாங்குறேன். மூணு சந்தேகம். செவரத்துக்குப் புரதம் அதிகமானா வயிறு ஊதும்னு சொல்றாங்களே? ஜூன், ஜூலைல மீன்பிடித் தடை, அப்ப வர்ற கணவாயை நம்பலாமா? அப்புறம், குர்லா கடையில இருந்து ஒரு ஃபஹாகா பஃபரும் (நன்னீர்ப் பேத்தை மீன்) தனி டேங்க்குக்கு கொஞ்சம் செர்ரி ஷ்ரிம்ப்பும் (குட்டி நன்னீர் இறால்) வாங்கலாம்னு யோசனை. பஃபருக்குக் கணவாய் மட்டும் போதுமா?

பஃபர்_கோலிவாடா பதில்:

பஃபருக்குக் கணவாய் மட்டும் போடவே கூடாது. அதன் பல் நிற்காமல் வளரும். மிருதுவான தீனியாகவே கொடுத்தால் சில மாதத்தில் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் நீண்டு, வாய் மூடாமல், தீனி கண்ணெதிரே இருந்தும் கடிக்க முடியாமல் போகும். அப்புறம் மயக்கம் கொடுத்துப் பல்லை வெட்டத்தான் வேண்டும். மும்பையில் திஸ்ரியா, அதாவது மட்டி, சுலபமாகக் கிடைக்கிறது. ஒரு மணி நேரம் உப்புத் தண்ணீரில் மணல் கக்க விட்டு, ஓடு திறக்கும் வரை வேகவைத்து, திறந்த ஓட்டை மறுபடி மூடி ரப்பர் பேண்ட் எதுவும் இல்லாமல் அப்படியே போடுங்கள். வேகவைத்தும் திறக்காததைத் தூக்கி எறியுங்கள். நண்டுக் கால், ஓட்டோடு இறால், நன்னீர் நத்தை மூன்றும் பல்லுக்கு நல்லது. பஃபர் கடித்துத் துப்பும் ஓட்டுச் சில்லை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள். சதைத் துணுக்கு அதில் ஒட்டியிருக்கும்.

செர்ரி ஷ்ரிம்ப் பற்றிக் கவனமாகக் கேளுங்கள். பண்ணை இறாலில் ஒய்ட் ஸ்பாட் வைரஸ் இருக்க வாய்ப்பு உண்டு. மீனுக்கு வரும் வெள்ளைப் புள்ளி நோய்க்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை; இது இறால், நண்டு, நன்னீர்க் கிரேஃபிஷ் இனத்தைத் தாக்குவது. மீனுக்கும் மனிதருக்கும் ஒன்றும் செய்யாது. உறைய வைத்தாலும் சாகாது, வேகவைத்தால் சாகும். பச்சை இறாலைத் தொட்ட இடுக்கி, வலை, கை எதுவும் அந்த ஷ்ரிம்ப் டேங்க் பக்கம் போகக் கூடாது. இறால் கழுவின தண்ணீரும்தான். ஷ்ரிம்ப் டேங்க்குக்குத் தனி வலை, தனி வாளி வைத்துவிடுங்கள்.

கொளச்சல்_செம்பூர் பதில்:

மகாராஷ்டிரத்தில் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த ரெண்டு மாதம் சந்தையில் பார்ப்பது பெரும்பாலும் குளிர்கிடங்குச் சரக்கு, அல்லது வெளி மாநிலத்திலிருந்து வந்தது. ஐஸில் வைத்து விற்றாலும் ஒருமுறை உறைந்து இளகியதாக இருக்கும். வீட்டில் மறுபடி உறைய வைத்தால் சதை கூழாகி டேங்க்கில் உதிரும். மே மாதக் கடைசி வாரத்துக்குள் 200 கிராம் சுத்தம் செய்து, 10 கிராமாக இருபது பொட்டலம் போட்டு வையுங்கள். கணவாயும் இறாலும் மாறி மாறி வருவதால் ரெண்டு மாதம் தாராளமாக ஓடும். பையில் தேதி எழுதுங்கள். ஃபார்மலின் சந்தேகம் இருந்தால், கொச்சி மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கிய காகிதப் பட்டைச் சோதனை இருக்கிறது. சதையில் தேய்த்து மருந்து விட்டால் நிறம் காட்டும்.

வாட்டர்டெஸ்ட்_முலுண்ட் பதில்:

செவரம் பாதி சைவம்னே வச்சுக்குங்க. கணவாய் வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு மூணு பொடித்துண்டு. மத்த நாள்ல வேகவச்சு தோல் உரிச்ச பட்டாணி, ஸ்பைருலினா பெல்லட். ஆஸ்கார் பங்கை அது பிடுங்கித் தின்னும், அதனால ஆஸ்கார் ரெண்டுக்கும் டேங்க்கோட ஒரு ஓரத்துல இடுக்கியால கொடுங்க, அதே நேரத்துல மறு ஓரத்துல செவரத்துக்குப் பட்டாணியைப் போடுங்க. ட்ரோஃபியஸ், எம்பூனா மாதிரி பாசி மேயுற மீன் யாராவது வச்சிருந்தா அதுங்களுக்குக் கணவாய், இறால் ரெண்டும் வேண்டாம். நீளக் குடல், வயிறு ஊதினா மீட்கிறது கஷ்டம்.

முதல் மாசம் மட்டும், கணவாய் போட்ட மறுநாள் காலையில அமோனியா, கேஎச் ரெண்டும் எடுத்து எழுதுங்க. அமோனியா பூஜ்யமா இல்லைன்னா, வேளையை 10 கிராம்லேர்ந்து 6க்குக் கொண்டுவாங்க. கேஎச் 2க்குக் கீழ போனா அந்த வாரக் கணவாயை விட்டுட்டு, தண்ணி மாத்துற அளவைக் கூட்டிட்டு, அடுத்த வாரம் பாருங்க.